முன் கண்ணாடி ரப்பருக்கு அடியில் இருந்தது

மரக்காணம்,
21-8-2005, ஞாயிறு.

அன்புள்ள மகன் அந்தோணிராஜுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்க நானும் அம்மாவும் தங்கச்சி ஆரோக்கியசெல்வியும் மாதா தயவுல நடமாட்டமா இருக்கோம், அந்தக் குவைத்து வெயில்ல உனக்கும் ஒண்ணும் ஆகாம இருக்கணும்னு ரெண்டு வேளையும் வேண்டிக்கிறேன். மூக்குல ரத்தம் வந்துதுன்னு போன மாசம் போன்ல சொன்னியே, அது நின்னுதா? மத்தியானத்துல வண்டிக்கு அடியில படுக்கிறப்ப தலையில ஈரத்துணி கட்டிக்கோ. இங்க இந்த வருஷம் உப்பு வாருறது ரொம்ப லேட்டு, டிசம்பர்ல வந்த கடல் தண்ணி பாத்தியெல்லாம் சேறாக்கிட்டுப் போனதுல மார்ச்சு வரைக்கும் ஜனங்க மண்ணைத்தான் வாரிக்கிட்டிருந்தாங்க. எக்கியார்குப்பத்துல புது போட்டுங்க வரிசையா நிக்குது, ஏறிப்போகத்தான் பாதிப் பேருக்குப் பயம் போகலை. செல்வி ரெண்டாவது வருஷம் காலேஜ், பஸ்ல நின்னுகிட்டே திண்டிவனம் போயிட்டு வர்றா. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்குது, மாத்திரை சாப்பிட்டேன்னு சொல்றா, சாப்பிடறாளான்னு எனக்குச் சந்தேகம். இப்பல்லாம் எனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான் தம்பி, அது ஏன்னு சொல்லத்தான் இந்தக் கடிதாசி. இதை ரூம்ல மத்தவங்க இருக்கிறப்ப படிக்காத. வழக்கமா நான் சொல்ல செல்வி எழுதுவா, இந்தத் தடவை நானே ஷெட்டுல உக்காந்து எழுதறேன், எழுத்து கோணல் மாணலா இருந்தா பொறுத்துக்கோ. உங்கம்மாவுக்குத் தெரியாம திண்டிவனம் போயி தபால்ல போடப் போறேன்.

ஜூலை மாசம் முதல் வாரத்துல சிங்காரம்னு ஒருத்தர் புதுச்சேரியில இருந்து ஒரு பழைய ஹெரால்டு காரை லாரியில ஏத்திக்கிட்டு நம்ம ஷெட்டுக்கு வந்தாரு. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பொண்ணு ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடப் போறேன், பாடி வேலை, முன் கண்ணாடி எல்லாம் புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்கன்னாரு. எனக்கு ஆளைப் பார்த்ததும் பிடிக்கலை. ஆர்.சி. புக்கு எங்கன்னு கேட்டா இன்னும் கைக்கு வரலைன்னாரு, யார்கிட்ட வாங்கினதுன்னா ஒரு பெரிய மனுஷர் வீட்டு வண்டின்னு மழுப்பினாரு, ஆவணி முகூர்த்தத்துக்குள்ள வேணும்னு தினம் போன் வேற. திருட்டு வண்டியா இருக்குமோன்னு நம்பரை ஒரு சீட்டுல எழுதி சட்டைப் பையில வெச்சிக்கிட்டேன். வண்டிக்கு மேலே ஏதோ நீலப் பெயின்ட் அடிச்சிருந்தாங்க, அதனால எனக்கு ஒண்ணும் ஞாபகத்துக்கு வரலை.

அந்த வண்டியில கண்ணாடி நிக்கிற ஃபிரேம் தனியாக் கழண்டு வரும்னு உனக்குத் தெரியும், போல்ட்டைக் கழட்டினா மொத்தமாத் தூக்கிடலாம். உப்புக் காத்துல ஃபிரேமோட கீழ்க்கட்டை பொரிஞ்சு அப்பளம் மாதிரி ஆயிருந்துது. தரையில சாக்கைப் போட்டு, கண்ணாடியைச் சுத்தியிருந்த பழைய ரப்பர் பீடிங்கை மெதுவாப் பிரிச்சேன். கண்ணாடி நல்லாத்தான் இருந்துது, ஒரு கீறல் கிடையாது. ஆனா ரப்பருக்கு அடியில, தகரம் மடிஞ்சிருக்கிற இடத்துல, கல்கண்டு மாதிரி கண்ணாடித் துணுக்கு ஒரு கைப்பிடி இருந்துது. உடையாத கண்ணாடிக்கு அடியில உடைஞ்ச கண்ணாடி எப்படி வரும்? முன்ன இருந்த கண்ணாடி நொறுங்கியிருக்குது, அவசரத்துல வேற ஒண்ணை மாட்டினவன் மடிப்பைத் துடைக்கலை. அதைப் பேப்பர்ல கொட்டிப் பார்க்கிறேன், நடுவுல பச்சைக் கலர்ல ஒரு துண்டு, வளைஞ்சு இருக்குது. அது பொம்பளைங்க போடுற கண்ணாடி வளையல்.

இந்தச் சிங்காரம் யாரையோ அடிச்சிப் போட்டுட்டு வந்து என் கையால தடயத்தை மறைக்கப் பார்க்கிறான்னு நெனச்சேன். மறுநாள் அவரு வந்ததும் வண்டியில கை வெக்க மாட்டேன், யார்கிட்ட வாங்கினதுன்னு சொல்லுங்க இல்லைன்னா ஸ்டேஷனுக்குப் போவேன்னு சொல்லிட்டேன். பாவம், ஆடிப்போயிட்டாரு. அவரு தப்பான ஆளு இல்லை, அவசரக்காரர், அவ்வளவுதான். செத்துப்போன ஒரு டாக்டரோட மருமகன்கிட்ட வாங்கினது, அவங்க குடும்பத்துல சொத்துத் தகராறு, அதான் பேரைச் சொல்ல வேணாம்னாங்க, புக்கு அடுத்த வாரம் வந்துடும்னாரு. எந்த டாக்டருன்னு கேட்டேன். மரக்காணம் தாண்டி கடலோரமாப் பங்களா வெச்சிருந்தாரே அவருதான், நாலு வருஷமா வண்டி அங்க கொட்டகையிலேயே கெடந்துதுன்னாரு. நீ சனி ஞாயிறு அந்த டாக்டருக்குத்தான் வண்டி ஓட்டிக்கிட்டிருந்த. பெயின்ட்டை ஒரு ஓரமாச் சுரண்டிப் பார்த்தேன், அடியில அதே சந்தனக் கலர்.

அப்பவும் உன்னை நான் நெனைக்கலை தம்பி, மாதா சத்தியமா நெனைக்கலை. நீ அங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்ன இருந்த டிரைவர் எவனாவது செஞ்சிருப்பான்னுதான் நெனச்சேன். ஃபிரேமுக்குக் கீழ்க்கட்டை புதுசா வெச்சு வெல்டிங் அடிச்சு, ரெட்டாக்சைடு பூசிக் காய வெச்சேன். சிங்காரம் சென்னையில வாங்கிட்டு வந்த புது ரப்பரை வெந்நீர்ல போட்டு இளக்கி, கண்ணாடியில மாட்டி ஃபிரேம்ல வெச்சுப் பார்த்தா மூணு மூலையும் கச்சிதமா உக்காருது, இடது பக்கம் மேல் மூலை மட்டும் தூக்கிக்கிட்டு நிக்குது. அமுக்கினா இன்னொரு பக்கம் எகிறுது. ரப்பர் கடைக்காரன் வேற வண்டியோட ரப்பரைக் கொடுத்து ஏமாத்திட்டான்னு முதல்ல அவனைச் சந்தேகப்பட்டேன். அளந்து பார்த்தா ரப்பர் சரி, ஃபிரேம்தான் கோணல். அந்த மூலையைச் சுரண்டினேன், விரல் கனத்துக்குப் பட்டி அப்பிப் பள்ளத்தை மூடியிருந்துது. அடியில தகரம் உள்ளே அமுங்கியிருந்து, சுத்தியால தட்டி நிமுத்தி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிச்சிருக்குது. இடது பக்கம், தம்பி. ரோட்டோரமா நடந்து போறவங்க பக்கம்.

கோணல் ஃபிரேம்ல பழைய ரப்பர் மட்டும் எப்படி உக்காந்துதுன்னு பார்க்க குப்பையில போட்டதை மறுபடி எடுத்தேன். அந்த மூலையில ரப்பருக்கு அடியில லாரி டியூப்பைப் பட்டையா வெட்டி அண்டை கொடுத்திருந்துது. அது நம்ம ஷெட்டுப் பழக்கம், மத்தவனெல்லாம் சிமென்ட்டு மாதிரி எதையாவது அப்பிட்டுப் போவான். சரி, யாராவது பார்த்துக் கத்துக்கிட்டிருப்பான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அப்புறம் ரப்பருக்கு நடுவுல சொருகுற மெல்லிசுப் பட்டையோட ஒட்டு கண்ல பட்டுது. சாய்வா வெட்டி ஒட்டியிருந்துது, ஆனா சாய்வு மறுபக்கம். கத்தியை வலது கையில புடிச்சு வெட்டறவனுக்கு அப்படி வராது. இந்த ஊர்ல பீடிங் வேலை தெரிஞ்ச இடது கைக்காரன் நீ ஒருத்தன்தான். எனக்குப் புதுச்சேரியில கண் ஆபரேஷன் நடந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, ஷெட்டு சாவி உங்கிட்டதான் இருந்துது. அது 2001 மே மாசம். தனகோடியை வண்டி அடிச்சிப் போட்டதும் அதே வாரம்தான்.

தனகோடியை உனக்கு நான் ஞாபகப்படுத்தணுமா, தெரியலை. உப்பளத்துக்குப் போற முருகையன் சம்சாரம். விடிகாலையில வேலைக்கு நடந்து போனவளை ஏதோ காரு அடிச்சிட்டுப் போயிடுச்சின்னு நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப ஊரே பேசிக்கிட்டிருந்துது. நீயும் அந்தப் பேச்சு நடக்கிறப்ப பக்கத்துலதான் உக்காந்து ஸ்பேனரைத் துடைச்சிக்கிட்டிருந்த. இடுப்பு எலும்பு முறிஞ்சு ஏழு மாசம் படுக்கை. இப்பவும் கோல் ஊன்றித்தான் நடக்கிறா, அந்தக் கோலுக்கு அடியில போடுற ரப்பரை நானே ரெண்டு தடவை டயர்ல வெட்டிப் போட்டுக் கொடுத்தேன். கடல் பொங்கி வந்த அன்னிக்கு எல்லாரும் ஓடறாங்க, இவளால ஓட முடியலை, முருகையன் முதுகுல தூக்கிக்கிட்டு ஓடினான். கொஞ்ச தூரத்துல மூச்சு வாங்கி ரெண்டு பேரும் விழுந்து, உப்புக் குவியல் மேலே ஏறி உக்காந்து தப்பிச்சாங்க. உக்காந்திருக்கிறப்பவே குவியல் கரைய ஆரம்பிச்சுதுன்னு அவ இன்னும் சொல்வா.

ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியலை, சாயங்காலமா அவ வீட்டுக்குப் போனேன். அந்த விடிகாலையில என்னதான் நடந்துதுன்னு கேட்டேன். வண்டி தூக்கி அடிச்சுது, கண்ணாடியில மோதினது தெரியும், அப்புறம் மணல்ல கெடந்தேன்னு சொன்னா. மங்கல் வெளிச்சம், முகம் தெரியலை. ஒருத்தன் வந்து தலைக்கு அடியில துண்டை மடிச்சு வெச்சு, அக்கா வண்டி வரும் அக்கா வண்டி வரும்னு ரெண்டு தடவை சொன்னானாம். அப்புறம் போயிட்டானாம். கொஞ்ச நேரத்துல உப்பு லாரி வந்து தூக்கிப் போட்டுக்கிட்டுப் போச்சு, ரோட்டுல ஒரு பொம்பளை கெடக்குதுன்னு டீக்கடையில யாரோ சொல்லிட்டுப் போனதா லாரி டிரைவர் சொன்னாராம். டீக்கடையில சொன்னது நீயா இருக்கும்னு நெனச்சப்ப மட்டும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்துது. அப்புறம் அவ, இன்னாத்துக்கு அண்ணா இப்ப கேக்கறீங்கன்னு கேட்டா. நான் எழுந்து வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து உங்கம்மாவைக் கேட்டேன். நேரா கேக்கலை, டாக்டர் வண்டி நம்ம ஷெட்டுக்கு வந்திருக்குதுன்னு மட்டும் சொன்னேன். கையில இருந்த முறத்தைக் கீழே வெச்சிட்டா. நாலு வருஷமா அவளுக்குத் தெரியும், தம்பி. ஒரே வீட்டுல, எனக்குப் பக்கத்துல படுத்துக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லலை. நீ அன்னிக்குக் காலையில சட்டையைத் தொவைக்கப் போட்டது, கிணத்தடியில உக்காந்து வாந்தி எடுத்தது, எல்லாம் சொன்னா. வெளிநாடு வெளிநாடுன்னு அவ என்னை அரிச்சதும், பாஸ்போர்ட்டுக்கு அவளே நடையா நடந்ததும் ஏன்னு இப்பத்தான் புரியுது. உன் முன்னேத்தத்துக்குன்னு நான் நெனச்சிக்கிட்டிருந்தேன். ஆனா அவ ஒண்ணு சொல்றா, வண்டியை ஓட்டினது டாக்டராம், நீ பக்கத்துல உக்காந்திருந்தியாம், பெரிய மனுஷர் பேரு கெட வேணாம்னு கண்ணாடியை மட்டும் மாத்திக் கொடுத்தியாம்.

இதை நீ அவகிட்ட சொன்னியா, அவளாக் கதை கட்டினாளான்னு எனக்குத் தெரியலை. நம்பணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா அந்த டாக்டருக்குக் கை நடுக்கம், டீ டம்ளரைக் கூட ரெண்டு கையால புடிப்பாரு, அதனாலதானே உன்னை வெச்சிக்கிட்டாரு. செத்தவர் வந்து இல்லைன்னு சொல்லப் போறதில்லை, அது ஒண்ணே எனக்குச் சந்தேகத்தைக் கெளப்புது. தனகோடிகிட்ட நான் போறதுக்கு முன்னாடியே இந்தக் கதையைக் கேட்டிருந்தா ஏமாந்திருப்பேன். தனகோடி சொன்னா, ஒரு கதவு சத்தம்தான் கேட்டுது, வந்தவன் வண்டிக்கு முன்பக்கமாச் சுத்திக்கிட்டு வந்தான்னு. இடது பக்கம் உக்காந்திருந்தவன் இறங்கினா அவ கெடந்த பக்கமேதான் இறங்கணும், சுத்திக்கிட்டு வர வேண்டியதில்லை. வண்டியில வேற பேச்சுக்குரலும் இல்லைன்னு சொன்னா. நீ தனியாத்தான் இருந்த, நீதான் ஓட்டினன்னு நான் நெனைக்கிறேன். அந்த நேரத்துல வண்டியை எடுத்துக்கிட்டு எங்க போன, தூங்கிட்டியா, குடிச்சிருந்தியா, ஒண்ணும் தெரியலை. ஒவ்வொண்ணா நெனைக்கிறேன், நெனச்சிட்டு என்னையே திட்டிக்கிறேன்.

வேலையை முடிக்காம விடக் கூடாது, சிங்காரத்துக்குக் கொடுத்த வாக்கு இருக்குது. வளையல் துண்டையும் பழைய ரப்பரையும் எடுத்து வெச்சிட்டு, பட்டி முழுக்கச் செதுக்கி எடுத்து, அந்த மூலையைச் சூடு பண்ணி மரக்கட்டை வெச்சுத் தட்டித் தட்டி நேராக்கினேன். அண்டை கொடுக்காம, பட்டி போடாம, இரும்பே சரியா நிக்கணும்னு ஒரு பிடிவாதம் வந்துடுச்சு, மூணு நாள் ஆச்சு. அப்புறம் ரப்பரைக் கண்ணாடியில மாட்டி, அதோட வெளி வரிப்பள்ளத்துல நைலான் கயித்தைச் சுத்தி, சோப்புத் தண்ணி தடவி, ஃபிரேம்ல வெச்சேன். வெளியில செல்வி அமுக்கிப் புடிச்சா, உள்ளே இருந்து நான் கயித்தை இழுக்க இழுக்க ரப்பர் உதடு தகரத்தைக் கவ்விக்கிட்டே வந்துது, இடது மூலையிலயும் நிக்காம வந்துது. வண்டியில ஏத்தி போல்ட் முடுக்கி, பைப்பை வெச்சு அரை மணி நேரம் தண்ணி அடிச்சேன், உள்ளே ஒரு சொட்டு இல்லை. செல்வி கை தட்டினா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, தெரிய வேணாம்னு இப்போதைக்கு நெனைக்கிறேன். சிங்காரம் சந்தோஷமா ஓட்டிக்கிட்டுப் போனாரு, நான் அந்தப் பக்கம் பார்க்கலை.

முந்தாநாள் மறுபடியும் தனகோடி வீட்டுக்குப் போனேன். போக வேணாம்னு உங்கம்மா வாசல்ல கையை விரிச்சிக்கிட்டு நின்னா, புள்ளையைக் காட்டிக் கொடுக்கப் போறியான்னு அழுதா. அவளைத் தாண்டித்தான் போனேன். தனகோடி காலை நீட்டி உக்காந்து வெங்காயம் உரிச்சிக்கிட்டிருந்தா, முருகையனும் இருந்தான். எனக்குத் தெரிஞ்சதை ஒண்ணு விடாம சொன்னேன், என் புள்ளைதான்னு நெனைக்கிறேன், அவன் வாயால இன்னும் கேக்கலைன்னும் சொன்னேன். அவ கத்துவா, மண்ணை வாரித் தூத்துவான்னு எதிர்பார்த்தேன். அவ கையில இருந்த வெங்காயத்தை உரிச்சு முடிச்சா. அப்புறம் சொன்னா, "அண்ணா, நாலு வருசமா ரோட்டுல போற ஒவ்வொரு காரையும் இவன்தானா, இவன்தானான்னு பாத்துக்கினு நிக்கிறேன். உங்க புள்ள லீவுக்கு வந்தப்ப என்னாண்ட பேசாம போச்சு, பெரிய மனுசனாயிட்டான்னு நெனச்சேன்." நான் கையெடுத்துக் கும்பிட்டேன், அவன் சார்பா நான் கேட்டுக்கிறேன்னேன். அதுக்கு அவ, "நீங்க சொன்னா அது அவன் சொன்னதா ஆவாது. அவன் வந்து என் எதுக்க குந்திச் சொல்லட்டும். அதுவரைக்கும் நீங்க இங்க வராதீங்க"ன்னா. முருகையன் ரோடு வரைக்கும் என்கூட வந்தான். கேஸை அப்பவே மூடிட்டாங்க, மறுபடி தெறக்கிறதா வேணாமான்னு அவதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்னு மட்டும் சொல்லிட்டுத் திரும்பிப் போனான்.

இதுதான் தம்பி நடந்தது. உங்கம்மாகிட்ட நான் மூணு நாளாப் பேசலை, இன்னும் என்னென்ன மறைச்சிருக்கீங்க ரெண்டு பேரும்னு தோணுது. நீ போன்ல சிரிக்கிறப்பல்லாம் அந்தச் சிரிப்பு நெஜமான்னு தோணுது. திண்டிவனத்துல உனக்குப் பார்த்த வினோதினி வீட்டுக்காரங்களை அடுத்த மாசம் வர வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன், காரணம் சொல்லலை. நல்ல பொண்ணு, இப்படி ஒண்ணை உள்ளே வெச்சிக்கிட்டு அவளைக் கூட்டிக்கிட்டு வர எனக்கு மனசு வரலை. நான் உன்னை வெறுத்துட்டேன்னு நெனைக்காத. பொறந்தப்ப உன்னை ஆஸ்பத்திரியில முதல்ல வாங்கினது என் கைதான், அது மாறாது. ஆனா அந்தக் காலையில நீ கொஞ்ச நேரம் அங்கயே நின்னிருக்கலாம். லாரி வர்ற வரைக்கும் அவ பக்கத்துல நின்னிருக்கலாம். ஓட்டினதைக் கூட நான் தாங்கிக்குவேன், நிக்காததைத்தான் தாங்க முடியலை.

வீட்டு விலாசத்துக்குப் பதில் எழுதாத, அம்மா பிரிச்சிடுவா. ஷெட்டு விலாசத்துக்கு எழுது, உன் கையாலயே எழுது. போன்ல பேச வேணாம், அவ பக்கத்துலயே நிப்பா, நீயும் குரலை மாத்திக்குவ. நான் நெனச்சது தப்புன்னா தப்புன்னு எழுது, அதையும் படிச்சிட்டு அவகிட்ட போயி மன்னிப்புக் கேக்கறேன். ஆனா டாக்டர் ஓட்டினாருன்னு மட்டும் யோசிக்காம எழுதிடாத. ஒரு ராத்திரி வெச்சிருந்து எழுது. கிறிஸ்மஸுக்கு லீவு கேளு, கொடுக்கலைன்னா வேலையை விட்டுட்டு வா, இங்க ஷெட்டு இருக்குது, சோறு இருக்குது. மீனம்பாக்கத்துக்கு நானே வருவேன். அங்கேயிருந்து வீட்டுக்குப் போறதில்லை, நேரா தனகோடி வீடுதான். வாசல் வரைக்கும் நான் கூட வர்றேன், உள்ளே பேச வேண்டியது நீ.

சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிடு, ஞாயித்துக்கிழமை பூசையை விடாத. உன் நெத்தியில சிலுவை போட்டதா நெனச்சிக்கோ. ஆண்டவர் உனக்கு வாயைத் தெறக்கிற தைரியத்தைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக ஷெட்டுல காத்திருக்கும் அப்பா,
சூ. சவரிமுத்து